நிமிடத்துக்கு எழுபத்திரண்டு மூச்சு

1976 யூலை 4, ஞாயிறு

மெல்பேர்ன், கிளேட்டன். தங்கை இரஞ்சிதம் வீட்டில் குழந்தைக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு. பதினொரு வருடம் காத்திருந்து பெற்ற பெண். தாய்மாமன் என்பதால் முதலில் என் மடியில் கிடத்தினார்கள். உச்சி மோந்தேன். இரண்டு நாளாகத் தடிமன், தும்மல். மூக்கடைப்பில் பால் வாசம் தெரியவில்லை. அதற்காக இரண்டாம் முறையும் மோந்தேன்.

யூலை 8, வியாழன்

குழந்தை ஆஸ்பத்திரியில். நெஞ்சின் மிகச் சிறிய மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சளி அடைத்திருக்கிறதாம். பிராங்கியோலைட்டிஸ் என்கிறார்கள். ஒட்சிசன் நிரம்பிய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் கிடக்கிறாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவிடுக்குகள் உள்ளே குழிகின்றன. கைக்கடிகாரம் பார்த்து எண்ணினேன்: நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு? முப்பது வருட நிருபர். எண்ணி எழுதியே பழக்கம்.

யூலை 9

எண்பது. பால், மூக்குக் குழாயால்.

யூலை 10

வைரஸ் ஆய்வுகூடத்து டொக்டர் அம்மா வந்து கேட்டார்: வீட்டில் யாருக்காவது தடிமன் இருந்ததா?

இரஞ்சிதம் இல்லை என்றாள். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டே பிழைத்தவன். அவளுக்கு நினைவில்லையா? நான்தான் என்று தெரிந்தால் – பிள்ளைக்கு ஏதும் நடந்தால் –

யூலை 11

காலையில் டொக்டரின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். இரத்தம் எடுத்தார், மூன்று கிழமை கழித்து இன்னொரு முறையும் வேண்டுமாம். பிறகு, வைரஸைப் பெரிதாக்கிக் காட்டும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் முன்பு எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். சாம்பல் நிற வட்டம். சுற்றிலும் முடி சூட்டியதுபோல் முனைகள். பெயர் கொரோனா. தடிமன் தரும் பலவற்றில் ஒன்று. ஒரு தலைமயிரின் குறுக்கே எண்ணூறு வரிசையாக நிற்குமாம். இதுதானா என்று இன்னும் தெரியாது என்றார். எதுவாயினும், எனக்கு மூக்குத் துடைத்த இரண்டு கைலேஞ்சியோடு முடிந்தது, அங்கே ஒரு குழந்தையை மூழ்கடிக்கிறது. படத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

இரஞ்சிதத்திடமும் சொன்னேன்.

"தெரியும் அண்ணை. நீங்கள் தும்மினது பக்கத்து வீட்டுக்கும் கேட்டது."

"பிறகேன் இல்லையெண்டனி?"

"நீங்கள் பக்கத்தில நிக்கிறியள், எப்பிடிச் சொல்லுறது?" பிள்ளையின் கூடாரத்தைச் சரிசெய்தபடி, "அடுத்த முறை சிட்னிக்குப் போய்த் தும்முங்கோ" என்றாள். இருவரும் சிரிக்கவில்லை.

யூலை 13

அறுபது. தானாகவே இருபது மில்லி பால் குடித்தாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு கிலோ உடம்பு, ஐந்து நாளில் ஐந்து லட்சம் மூச்சுக்கு மேல். ஒன்றைக்கூட அவள் விட்டுக்கொடுக்கவில்லை. நான் கண்ட எந்தப் போராட்டத்திலும் இப்படி ஒருவரைக் கண்டதில்லை.

ஓகஸ்ட் 7, சனி

முடிவு வந்தது. பிள்ளையின் இரத்தத்திலும் என் இரத்தத்திலும் அதே கொரோனாவுக்கு எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்கிறது. "யாரிடமிருந்து யாருக்கு என்று இரத்தம் சொல்லாது" என்றார் டொக்டர். அவ்வளவு சரியான வாக்கியம். அதற்குள் ஒளிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

பிள்ளை வீடு திரும்பியிருந்தாள்; மாலை கிளேட்டன் போனேன். தடிமன் இல்லை என்று வாசலிலேயே இரண்டு தரம் சொன்னேன்.

"பிடியுங்கோ அண்ணை, கை உளையுது."

முகத்தைத் தள்ளிவைத்து, பிள்ளையின் பாதத்தை மோந்தேன். அங்கேயும் பால் வாசம். மூச்சு முப்பத்தெட்டு வரை எண்ணினேன். பிறகு கடிகாரத்தைப் பார்க்கவில்லை.