கைப்பிடி இல்லாத படிக்கட்டு

கில்ஃபார்,
4 மார்ச் 1987

அன்புத் தம்பி ஆர்ச்சிக்கு,

பக்கவாதம் வந்த பிறகு உன் அத்தான் டூகல் காலை இழுத்துதான் நடக்கிறார். எங்கள் மாடிவீட்டின் வெளிப்படிக்கட்டில் ஓர் இரும்புக் கைப்பிடி வைக்க உன் பழங்கட்டடப் பாதுகாப்புக் குழுவிடம் அனுமதி கேட்டேன். இரண்டு பேர் வந்தார்கள். கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல் படியைத் தடவிவிட்டு, "முந்நூறு வருஷத்துப் படி, துளை போடக்கூடாதும்மா" என்றார்கள்.

"இவரும் பழசுதான். இவரையும் கொஞ்சம் பாதுகாக்கக் கூடாதா?" என்றேன். சிரிக்கக்கூட இல்லை.

எடின்பரோவில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் இருந்துகொண்டு எங்கள் கற்களைக் காக்கும் தலைவரே, ஒரு வார்த்தை சொல்லேன்.

அக்கா எல்ஸ்பெத்

எடின்பரோ,
15 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானை நினைத்தால் கவலையாகத்தான் இருக்கிறது. ஆனால், தலைவரின் அக்காவுக்கு மட்டும் சலுகையா என்று ஊர் கேட்காதா? மீன் விற்றுப் பிழைத்த கில்ஃபார் இன்று தன் அழகால் பிழைக்கிறது. அந்தப் படியைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து வருகிறார்கள். சிரமமாக இருந்தால், குன்றின்மேல் கட்டியிருக்கும் புது வீடுகளில் ஒன்றைப் பார்க்கட்டுமா? கோபிக்காதே.

ஆர்ச்சி

கில்ஃபார்,
2 ஏப்ரல்

ஆர்ச்சி,

செவ்வாய்க்கிழமை மழையில் உன் அத்தான் படியிலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவர் கீழே கிடந்தபோது ஒருவன் படியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "யோவ், மனுஷன் கிடக்கிறாரு, உனக்குக் கல்லு கேக்குதா?" என்று ரொட்டிக்கடை ஜீன் கத்திய பிறகுதான் கேமராவை இறக்கினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த ஊரில் பார்க்க வேண்டியது கல் மட்டும்தான் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்.

குன்றின்மேல் நீயே குடியேறு. தெருவில் பாதி வீடுகளில் ஜன்னலுக்கு வர்ணம் இருக்கிறது, உள்ளே ஆளில்லை. அதுதான் உங்கள் அழகு.

எல்ஸ்பெத்

கில்ஃபார்,
19 மே

ஆர்ச்சி,

டூகல் இரண்டு வாரத்துக்கு முன்பு வீடு திரும்பினார். தெருக்காரர்கள் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். மறுநாளே துறைமுகத்துக் கொல்லர் ராப் வந்து கைப்பிடியைப் பொருத்திவிட்டார். நீங்கள் கும்பிடும் கல் வெண்ணெய் மாதிரித் துளைபட்டது.

அதை அகற்றச் சொல்லி நீ கையெழுத்திட்ட நோட்டீஸ் இன்று வந்தது. அடுப்பில் போட்டேன்.

ஆட்களை அனுப்பாதே. நீயே வந்து பிடுங்கு. உன் அத்தான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முதலில் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

எல்ஸ்பெத்