விடைக்குறிப்பில் இல்லாத பதில்

ஃபேரர் பார்க்
3 மார்ச் 2025

அன்புள்ள ரஞ்சன்,

நலமா? ஐந்தாம் வகுப்பில் உனக்கு அறிவியல் எடுத்த பதுருன்னிசா டீச்சர்தான். சிராங்கூன் சாலையில் உன் அம்மாவைப் பார்த்து முகவரி வாங்கினேன்.

ஈரத்துணி காற்றில் ஏன் சீக்கிரம் காய்கிறது என்று தேர்வில் கேட்டிருந்தேன். ‘காற்று ஈரத்தைத் தூக்கிட்டுப் போயிடுது’ என்ற மாதிரி எழுதியிருந்தாய். விடைக்குறிப்பில் இருந்த ‘ஆவியாதல்’ என்ற சொல் இல்லையென்று முட்டை போட்டேன். “அப்ப நான் சொன்னது தப்பா டீச்சர்?” என்றாய். “உட்காரு” என்றேன்.

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. மறுவருடம் பாடத்தைத் தலைகீழாக்கினேன். பிள்ளைகள் முதலில் துணியை நனைத்துப் பார்த்துத் தங்கள் வாயால் சொல்ல வேண்டும், பெயரெல்லாம் பிறகு. தலைமையாசிரியர் முறைத்தார், பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள், நான் அசரவில்லையே! இப்போது புது ஆசிரியர்களுக்கு இதைத்தான் பயிற்சியாகக் கொடுக்கிறேன்.

மே மாதம் என் பணிநிறைவு விழா. மேடையில் உன் கதையைச் சொல்லலாமா?

அன்புடன்
பதுருன்னிசா


தோ பாயோ
11 மார்ச்

மதிப்பிற்குரிய டீச்சர்,

வணக்கம். வேண்டாம்.

உங்களுக்கு அது நல்ல கதை. நான் அதற்கப்புறம் அறிவியல் வகுப்பில் வாயே திறக்கவில்லை. எங்காவது மன்னிப்பு கேட்டிருப்பீர்கள் என்று கடிதத்தை இரண்டு முறை படித்தேன். காணோம்.

ரஞ்சன்


ஃபேரர் பார்க்
15 மார்ச்

ரஞ்சன்,

அட, ஆமாம்! பெருமை பேசியதில் அதை மறந்தே போனேன். வெட்கமாக இருக்கிறதப்பா.

பாடத்தைத் திருத்தினேனே தவிர, உன்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று நீ எழுதியது சரி. தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு. உன் கதையை எங்கும் சொல்ல மாட்டேன்.

பதுருன்னிசா


தோ பாயோ
2 ஏப்ரல்

அன்புள்ள டீச்சர்,

உடனே பதில் போட மனம் வரவில்லை.

என் மகள் சிவானி நாலாம் வகுப்பு. போன வாரம் பள்ளிவிட்டு வந்து ஒரே குதி. “அப்பா, நான் சொன்னது ராங் லா. ஆனா டீச்சர் திட்டல, ஏன் அப்படி நெனச்சேன்னு கேட்டாங்க! கிளாஸே என் ஐடியாவை டெஸ்ட் பண்ணுச்சு!” அந்த ஆசிரியையிடம் விசாரித்தேன். உங்களிடம் பயிற்சி எடுத்தவராம்.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தாராளமாகச் சொல்லுங்கள், என் பெயரோடு சொல்லுங்கள்.

விழாவுக்கு சிவானியோடு வருகிறேன். இவங்கதான் என் டீச்சர் என்று அவளிடம் காட்ட வேண்டும். இதுவரை உங்களை நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

உங்கள் மாணவன்
ரஞ்சன்