பூதத்துக்கு வைத்த பெயர்

ஞாயிறு, இரவு.

தேவாரம் ஊரில் சோளக்காட்டுக்குள் இறங்கும் யானையை யானை என்று சொல்ல மாட்டார்கள், பெரியவர் என்பார்கள். புத்தி கெட்டுப்போய் அந்தப் பெயரை என் விளையாட்டில் ஒரு பூதத்துக்கு வைத்தேன்.

சாயங்காலம் போடியில் என் வீட்டு மாடியில் நாலு பேர் பகடை உருட்டி ஆடிக்கொண்டிருந்தோம். கதை நடத்துவது நான்; மற்ற மூவரும் அதில் வரும் ஆட்கள், தப்பிப்பார்களா என்பதைப் பகடை சொல்லும். ஒன்று விழுந்தால் ஆள் காலி. குகை வாசலில் பெரியவர் நிற்கும் கட்டத்தில், ஆடிக்கொண்டிருந்த பாண்டிக்கு, தேவாரத்திலிருந்து அவன் மனைவி செல்வி போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டான்.

"பெரியவரு நம்ம சோளத்துக்குள்ள வந்துட்டாரு. வெரசா வாங்க!"

பாண்டி வீட்டில் கதையைச் சொல்லியிருப்பான், அவளும் விளையாடுகிறாள் என்று சிரித்தோம்.

"பொறு தங்கச்சி, நீ தப்பிப்பியான்னு உருட்டிப் பாக்குறேன்" என்று நான்தான் உருட்டினேன். போன் கட்டானது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது யானை போய்விட்டிருந்தது. சோளம் பாதி தரையோடு கிடந்தது. செல்வி பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி மோட்டார் ரூம் மேல் உட்கார்ந்திருந்தாள். பாண்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

"எத்தன விழுந்துச்சுண்ணே?"

ஞாபகமில்லை என்றேன்.

ஒன்று விழுந்திருந்தது.