ஓரத்துக் குதிரை

என் கண்ணுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணன் நம்மை விட்டுப் போன இந்த ஆறு மாதமாக அப்பா ம், வேண்டாம் என்பதைத் தவிர வாய் திறக்கவில்லை, இவரும் நம் கையை விட்டுப் போய்விடுவாரோ என்று போனில் அழுதேனே, அந்தப் பயம் கொஞ்சம் விலகியது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அப்பாவின் தொழிற்சாலையில் நடக்கும் செஸ் போட்டிக்குப் போர்மேன் இவரைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டார். நானும் கூடப் போய் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் ஆட உட்கார்ந்தது பேக்கிங் பகுதியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. எல்லாரும் முதலில் சிப்பாயைத் தள்ள, இவர் குதிரையைத் தூக்கி ஓரத்துக் கட்டத்தில் வைத்தார். அண்ணன் எப்போதும் அப்படித்தானே தொடங்குவான், குதிரையைக் கொண்டுபோய்ச் சுவத்துல முட்ட விடுறியேடா பேக்கு என்று இவர் திட்டுவாரே. அந்த அம்மா, என்ன அண்ணே, குதிரைக்குத் தண்ணி காட்டப் போறீங்களா என்று சிரித்தாள். மூன்று மணி நேரம் ஆடினார்கள். கடைசியில் பலகையில் இரண்டு ராஜா மட்டும் நின்றது, டிரா என்றார்கள், கை கொடுத்தார்கள்.

நம் வீட்டில் அப்பாவும் அண்ணனும் ஆடி டிரா ஆனால் அடுத்த ஆட்டம் வரை அவரவர் ராஜாவை அவரவர் வைத்துக்கொள்வார்கள் இல்லையா, இவரும் நினைவில்லாமல் ராஜாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அண்ணே, ராஜாவ எங்க கூட்டிட்டுப் போறீங்க என்று அந்த அம்மா கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். இவர் அதை வெளியில் எடுத்துப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டார். அடக்கம் செய்த அன்று கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன். ஒருத்தரும் தடுக்கவில்லை. அழுது முடித்துவிட்டு, பசிக்குது, எதாவது வாங்கித் தரியா என்று என்னைக் கேட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பஸ்ஸில் வழி முழுக்கப் பேச்சுதான். அவன் குதிரைய வெச்ச இடம் தப்புதான், ஆனா நான் சொன்ன அளவுக்கு மோசமில்லடி, அவன்கிட்ட ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம் என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், வேறென்ன செய்ய.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் போடு. அண்ணன் பேச்சு வந்தால் மாற்றாதே, அவர் மனசு நோகும் என்று நாம்தான் மூடி மூடி வைத்தோம். அவன் பெயரைச் சொல்லியே பேசு.

உன் அம்மா