கம்பெனிக்குப் போன சித்தி

சித்தி, இதை யாருக்கும் காட்டாதே. உன்னோடு மேலே இருக்கிற தாத்தாவுக்குக்கூட. அவர் அப்பாவின் கனவில் வந்தாவது சொல்லிவிடுவார்.

இன்று சாயங்காலம் அம்மாவுக்கு முட்டிவலி. ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டு வந்தவள், மாத்திரை எடுத்துத் தரச் சொன்னாள். அட்டையின் பின்னால் நீ வேலை பார்த்த கம்பெனியின் பெயர் இருந்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னாடி, வேதாகமம் மாதிரி படிச்சிட்டு நிக்கிற? குடு" என்றாள்.

வேலூரில் நீ ஆராய்ச்சி செய்த காலம் எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். மூன்று வருடம் ஒரே மருந்துப் பொருளோடு மல்லுக்கட்டினாய். கட்டுரை வெளிவந்தபோது உன் பெயர் நான்காவதாக இருந்தது. நாலு பேர் போகிற பைக்கில் கடைசியாகத் தொங்கிக்கொண்டு போவது நான்தான் என்று சிரித்தாய். புராஜெக்ட் முடியும்போதெல்லாம் உன் வேலையும் முடிந்தது. அடுத்தது கிடைக்கும்வரை எங்கள் வீட்டில் என் பாயில் படுத்திருப்பாய்.

ஹைதராபாத் மருந்து கம்பெனியில் உனக்கு வேலை கிடைத்தபோது நடந்த கூத்து மறக்குமா? நம் ஆம்பூரில் கம்பெனி என்றால் ஷூ கம்பெனிதான். பக்கத்து வீட்டு பர்வீன் அக்கா துக்கம் விசாரிப்பதுபோல வந்து, இவ்வளவு படித்துவிட்டு கம்பெனிக்கா போகிறாய், கட்டிங்கா ஸ்டிச்சிங்கா என்று கேட்டார்.

நீ முகம் மாறாமல், "ஸ்டிச்சிங் எனக்கு வராதுக்கா. பாட்டில் கழுவுற செக்‌ஷன்" என்றாய்.

எனக்குக் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறியது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கம்பெனி வேலை என்றால் அவ்வளவு கேவலமா என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். நீ பின்னாலேயே போய் அவள் தோளில் தாடையை வைத்து, "நானும் இனிமே உன்ன மாதிரி கார்டு பஞ்ச் வெச்சிட்டு உள்ள போறவதான்க்கா" என்றாய். அதற்குப் பிறகு இருவரும் போனில் மணிக்கணக்காக ஷிஃப்டையும் சூப்பர்வைசரையும் பற்றிப் பேசினீர்கள். நீ வேலூரில் இருந்தவரை உங்களுக்குள் பேச அவ்வளவு இருந்ததில்லை.

போன வருடம் உன் கணையத்தில் கட்டி வந்தது; சில மாதங்களில் நீ போய்விட்டாய். வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். அப்பா நம்பவில்லை. டேனரியில் தோல் ஊறுகிற மருந்துத் தண்ணீரில் இருபது வருடம் கையை விட்டவர் அவர். "உங்க சித்தி போனது போதும். நீ காமர்ஸ் எடு" என்றார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். ஆனால் அவர் குரல் உடைந்திருந்தது.

பதினொன்றாம் வகுப்பு விண்ணப்பத்தில் நாளைக் காலை அவர் கையெழுத்துப் போட வேண்டும். குரூப் என்ற இடத்தில் சற்று முன் அறிவியல் என்று எழுதிவிட்டேன். தாளை மடித்து, கையெழுத்து இடத்தை மட்டும் நீட்டினால் போதும். படிக்காமலே போட்டுவிடுவார். என்னை அவ்வளவு நம்புகிறார்.

புது வேலையில் முதல் மாதமே ஒரு மருந்து சாம்பிளைக் கெடுத்துவிட்டதை நீ சொல்லியிருக்கிறாய். யாரும் பார்க்கவில்லை. நீயே மேனேஜர் அறைக்குப் போனாய். வழியில் இரண்டு முறை உட்கார்ந்தாயாம். யாருக்கும் தெரியாதென்றால் ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

"யாரோ முழுங்கப் போறாங்கடி" என்றாய்.

உன் சேலை, வாட்ச் எல்லாம் அம்மாவிடம் இருக்கின்றன. என்னிடம் இந்த ஒரு பேச்சுதான் இருக்கிறது. காலையில் தாளை முழுசாக விரித்து வைத்து, முதலில் இதைப் படிங்கப்பா என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை…

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். இன்னும் தூங்கவில்லையா என்கிறார். விண்ணப்பம் மேஜைமேல் கிடக்கிறது. எடுத்து ஒளிக்க நேரமிருக்கிறது. ஒளிக்கவில்லை சித்தி. நான் போய்க் கதவைத் திறக்கிறேன்.