பந்து கிடந்த இடம்

மார்ச் 4, திங்கள்

திங்கட்கிழமைகளில் கோல்ஃப் கிளப்புக்கு மெம்பர்மார் வருவதில்லை. அன்றைக்குப் புல், அவர்கள் பை தூக்குகிற கெடிமார் எங்களுடையது. மழை விட்டதும் நானும் மற்றக் கெடி பிறெடியும் ஒன்பது குழியும் ஆடினோம். ஈரப் புல்லில் ஆடத்தான் எனக்குப் பிடிக்கும். பந்து உருண்டு போய் ஏமாற்றாது. அடித்த அடிக்கு என்ன உண்டோ அதுதான் கிடைக்கும். ட்ரைவர் என்கிற பெருந்தலை மட்டை எனக்கு ஒத்துவராது. மெம்பர்மார் அதைச் சுழற்றிவிட்டு, பந்து எங்கே போனது என்று கெடியிடம் கேட்பார்கள். எனக்கு ஏழாம் நம்பர் ஐயன் என்கிற இரும்பு மட்டை போதும். என் பையில் இருப்பதெல்லாம் யாரோ கழித்துவிட்டவை. ஏழாம் நம்பர் மட்டும் நானே கடையில் வாங்கியது.

ஆடி முடித்து வரும்போது கிளப் செக்ரட்டரி கூப்பிட்டார். ஜூலையில் தொழில்முறை ஆட்டக்காரர் தெரிவுப் போட்டி நடக்கிறதாம். கிளப்பிலிருந்து ஒரு கெடியை அனுப்பலாமாம். "ஒயா தமயி, மல்லி" என்று சிங்களத்தில் தம்பி போட்டுச் சொன்னார். நான்தானாம்.

வயது நாற்பத்தொன்று. இப்போதா வரவேண்டும்? சரி, வந்துவிட்டது.

மார்ச் 17, ஞாயிறு

நிலாம் சேருக்குப் பை தூக்கினேன். நான் கல்யாணம் முடித்த வருடத்திலிருந்து என் தோளில் அவர் பைதான். புறக்கோட்டையில் மொத்தத் துணிக்கடை வைத்திருக்கிறார். காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது, "கிளெமென்ற், வூட்டுல எல்லாரும் சொகமா?" என்று கேட்பார். முதல் குழிக்கு வந்ததும் என் பெயர் போய்விடும். "என்ட கெடி சொல்றான்", "என்ட கெடிக்குத் தெரியும்."

கெட்ட மனிதர் என்று எழுதமாட்டேன். மோசமாக ஆடினாலும் என்மேல் கத்தமாட்டார். பெருநாளைக்கு அவர் மனைவி பலீலா செய்யும் வட்டிலப்பம் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு வரும். ஆனால் மனிதனுக்குத் தோற்கத் தெரியாது. போன வருடம் இரண்டாம் இடத்துக்குக் கிடைத்த கோப்பையை வீட்டுக்குள் கொண்டுபோகவே இல்லை. காரின் டிக்கியிலேயே உருண்டுகொண்டு கிடந்தது.

ஏப்ரல் 9, செவ்வாய்

மனைவி யூஜினாவிடம் தெரிவுப் போட்டியைப் பற்றிச் சொன்னேன். "அப்ப உங்கட பேக்க ஆர் தூக்கிறது?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஏப்ரல் 28, ஞாயிறு

வந்ததும் கொப்பியை எடுத்தேன். எழுதினால் ஆறுமா பார்ப்போம்.

இன்று கோப்பை இறுதி ஆட்டம். நிலாம் சேரும் கிருபாகரன் சேரும். கிருபாகரன் புதுக்கடைக் கோர்ட்டில் பெயர் எடுத்த லோயர், வீடு வெள்ளவத்தையில். ஏழாவது குழிக்கு வரும்போது இருவரும் சமம். கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் மரங்களுக்கு மேலாகத் தெரியுமே, அந்தக் குழி. நிலாம் சேர் அடித்த பந்து வலப்பக்கப் பற்றைக்குள் போய், ஒரு மரவேருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. நான்தான் கண்டேன். "நேரா அடிக்கேலாது சேர். பக்கத்தால மெல்ல அடிச்சு வெளிய எடுப்பம்" என்றேன்.

அவர் சுற்றிப் பார்த்தார். பிறகு சப்பாத்து நுனியால் ஒரு தட்டு. பந்து வெளியே வந்து நல்ல புல்லில் இருந்தது. என் முகத்தை அவர் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினார், மட்டைக்கு. கொடுத்தேன். அடித்தார். அருமையான அடி.

பற்றைக்கு அந்தப் பக்கம் நின்ற கிருபாகரன் சேர் கேட்டார்: "நிலாம், பந்து அங்கயா கிடந்தது?"

நடுவரும் வந்துவிட்டார். நிலாம் சேர் ஒரு மூச்சுக்கூட எடுக்கவில்லை. "என்ட கெடிட கால் பட்டீக்கும். நான் காணல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்? நிலத்தைப் பார்த்தேன். வாய்க்குள் நாக்கு என்று ஒன்று இருந்ததா?

கெடி தொட்டாலும் ஆட்டக்காரன் தொட்டதாகத்தான் கணக்கு. அந்தக் குழி கிருபாகரனுக்குப் போனது, மிச்சக் குழிகளில் ஆட்டமும் போனது. எப்படியும் தோற்றார்தானே! கள்ளன் என்ற பெயர் மட்டும் எனக்கு வந்தது.

கார் நிறுத்தும் இடத்தில் வைத்துச் சொன்னார்: "ஒனக்கு என்னா, நீ கெடி தானே. எனக்கு நாலு பேருக்கு முன்னுக்கு மொகம் ஈக்கிது." இத்தனை வருடம் நீங்க என்று கதைத்த வாய்.

பஸ்ஸில் வந்தேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

கிளப் கொமிற்றி கூப்பிட்டது. குளிரூட்டிய அறை. நின்றுகொண்டே பதில் சொன்னேன். "நான் செய்யேல்ல. நிலாம் சேர் தான் தட்டினவர்."

இதைக் கேட்டதும் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொருவர் கேட்டார், "அப்படியெண்டா ஞாயிற்றுக்கிழமை ஏன் வாயத் திறக்கேல்ல?"

வெளியே போய் நிற்கச் சொன்னார்கள். பிறகு கூப்பிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்கள்.

வருட முடிவு வரை கிளப்புக்குள் கால் வைக்கக்கூடாது. தெரிவுப் போட்டிக்கும் நான் இல்லை.

மே 3, வெள்ளி

"அண்டைக்கு அந்த இடத்திலயே சொல்லியிருக்கலாம் தானே" என்கிறாள் யூஜினா. சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம் தான்! ஆருக்குத் தெரியாது அது? சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். அவள் என்ன பிழை செய்தாள்?

மே 19, ஞாயிறு

பிறெடி வந்தான். வாசலிலேயே நின்றான். நிலாம் சேர் அவனைப் பை தூக்கக் கூப்பிட்டிருக்கிறாராம். தெரிவுப் போட்டிக்கும் அவன் பெயரைத்தான் அனுப்புகிறார்களாம்.

"மச்சான், நீ வேணாம் எண்டு சொன்னா நான் போகேல்ல."

அதையும் நான்தான் சொல்ல வேண்டுமாம். "போ" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று அவனுக்கு விளங்கியிருக்கும். தேத்தண்ணி வேண்டாம் என்றுவிட்டுப் போய்விட்டான்.

மே 27, திங்கள்

யூஜினாவின் அண்ணன் ஹியூபேட்டின் த்ரீவீல் ஓட்டோ இப்போது என் கையில். மட்டக்குளிக்கும் கோட்டைக்கும் இடையில் ஆட்களை ஏற்றி முழுநாளும் ஓடினேன். தோள் நோகவில்லை. பை தூக்காத தோள். அது ஏன் எனக்கு இவ்வளவு எரிச்சலாக இருக்கிறது?

ஜூன் 11, செவ்வாய்

வெள்ளவத்தையில் ஹயர் பிடித்த ஒருவரை இறக்கிவிட்டுத் திரும்ப, கறுப்புக் கோட் போட்ட ஒருவர் கை காட்டினார். புதுக்கடைக்குப் போக வேண்டுமாம். ஏறிய பிறகுதான் கண்ணாடியில் முகத்தைக் கண்டேன். கிருபாகரன் சேர்.

அவருக்கும் விளங்கிவிட்டது. கார் கராஜில் என்றார். மழை இல்லை என்றார். டூப்ளிகேஷன் ரோட்டில் வாகனங்கள் நெருக்கி நின்றபோது, மெதுவாகச் சொன்னார்: "கிளெமென்ற், அது நீர் செய்யேல்ல எண்டு எனக்குத் தெரியும். நான் கண்டனான். நிலாமின்ர சப்பாத்து."

ஓரமாக நிறுத்தினேன்.

"அப்ப ஏன் சேர் சொல்லேல்ல?"

"குழிய எனக்குத் தந்திட்டினம். ஆட்டம் முடிஞ்சுது. பிறகு எதுக்கு நிலாமோட பகை? நாளைக்கும் அவற்ர முகத்தில முழிக்க வேணுமே."

"என்ர முகம் சேர்?"

அவர் மடியில் இருந்த ஃபைல்களை அடுக்கத் தொடங்கினார்.

"இறங்குங்கோ" என்றேன்.

"வழக்கு இருக்கு, கிளெமென்ற்."

"இறங்குங்கோ சேர்."

இறங்கினார். கொதிக்கிற வெயிலில் கறுப்புக் கோட்டும் ஃபைல் கட்டுமாக நின்றார். கூலிச் சல்லி எடுக்க பொக்கெற்றுக்குள் கையை விட்டார். நான் த்ரீவீலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சாட்சிக் கூண்டில் ஆட்களை உண்மை சொல்ல வைத்துச் சாப்பிடுகிற மனிதன்! நிலாம் தட்டியதைவிட இது எனக்கு ஏன் கூட வலிக்கிறது?

ஜூன் 13, வியாழன்

கொச்சிக்கடையில் அந்தோனியார் திருநாள். சனத்துக்குள் நசுங்கி உள்ளே போனோம். தொலைத்ததை எடுத்துத் தருகிறவர் என்று எல்லோரும் ஏதோ கேட்டார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

செக்ரட்டரி ஃபோன் எடுத்தார். கிருபாகரன் சேர் கொமிற்றிக்குப் போய், கண்டதைச் சொல்லிவிட்டாராம். என் தடை ஆகஸ்டில் இருந்து இல்லையாம். "பொடி வெரதீமக், மல்லி." சின்னப் பிழையாம். ஏன் நாளைக்கே வரமுடியாது என்று கேட்டேன். சட்டப்படி அப்படித்தானாம். தெரிவுப் போட்டி? பிறெடியின் பெயர் போய்விட்டது, இனி மாற்ற முடியாது.

நிலாம் சேருக்கு என்ன தண்டனை என்றும் கேட்டேன். அடுத்த கோப்பையில் ஆட முடியாது. அவ்வளவுதான்.

மன்னிப்பு என்ற சொல் அவர்களுடைய எந்தப் பாஷையிலும் இல்லை போல.

ஜூலை 14, ஞாயிறு

பிறெடி தெரிவாகவில்லை. கடைசிக் குழிகளில் அடி பிசகிவிட்டதாம். கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன், சந்தோஷமாக இருந்தது. பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனேன். இருவரும் டீவியில் கிரிக்கெட் பார்த்தோம்.

ஜூலை 31, புதன்

"போகாதேங்கோ. த்ரீவீலே எங்களுக்குக் காணும்" என்கிறாள் யூஜினா. அவள் சொல்வது சரி. அந்த மனிதர்களை நினைத்தால் வாய் கசக்கிறது. ஆனால் அந்தப் புல்லை வெறுக்க முடியவில்லை. அதுதான் கோபம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

போனேன்.

முதல் குழியில் நிலாம் சேர் நண்பர்களோடு நின்றார். பிறெடி இன்று வரவில்லை. "வாங்க கிளெமென்ற், பழசெல்லாம் உடுங்க" என்று பையை என் பக்கம் நீட்டினார். மறுபடியும் அந்த 'வாங்க' மரியாதை.

"இண்டைக்கு எனக்கு வேற பேக், சேர்."

வேறு பை எதுவும் இருக்கவில்லை. சுற்றிப் பார்த்தேன். ஷிம்னா மிஸ் தனியே நின்றுகொண்டிருந்தார். புது மெம்பர், இப்போதுதான் பழகுகிறார். நேரம் இழுக்கும் என்று கெடிமார் ஒளிந்துகொள்வார்கள். போய் அவர் பையைத் தோளில் போட்டேன்.

நிலாம் சேரின் கூட்டம் எங்களுக்குப் பின்னால் வந்தது. இரண்டாவது குழியில், மரங்களுக்கு நடுவில், மிஸ் மட்டையை வீசினார். காற்றுத்தான் அடிபட்டது. பந்து அசையவில்லை. பழக்கதோஷம், நான் மற்றப் பக்கம் பார்த்தேன்.

"ரெண்டு" என்று அடியை எண்ணினார் மிஸ்.

"பந்தில படேல்ல மிஸ். ஆரும் காணவும் இல்ல."

"அடிக்கத்தானே வீசின? அப்ப ரெண்டு தான்."

திரும்ப வீசினார். திரும்பவும் காற்று. "மூணு" என்று சிரித்தார்.

பின்னால் இருந்து நிலாம் சேர் அவசரப்படுத்திக் கத்தினார். நான் திரும்பவில்லை.

"அவசரம் வேணாம் மிஸ்" என்றேன். "ஆறுதலா அடியுங்கோ. நான் நிக்கிறன்."