சியெனாவில் சப்பாத்தைக் கழற்றிய அப்பாவுக்கு

அப்பா,

இன்று காலை அலுவலகத்துக்குப் போனபோது மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. எலுமிச்சை வாசனை. வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது உங்கள் சட்டையில் இருக்கும் அதே வாசனை. நான் சுவரோரமாக நுனிக்காலில் போனேன். பின்னால் வந்த இருவர் நட்டநடுவே நடந்து போனார்கள். நீங்கள் பார்த்திருந்தால் தமிழில் நல்லாய் ஏசியிருப்பீர்கள்.

சியெனா நினைவுக்கு வந்தது.

எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது என்பதால், அதைக் கொண்டாட எங்கே போகலாம் என்று உங்களைக் கேட்டேன். நீங்கள் துப்புரவு செய்த ஓர் அலுவலகத்தின் நாட்காட்டியில் அந்த இத்தாலிய நகரத்துத் தேவாலயத் தரையைப் பார்த்திருந்தீர்கள். பளிங்கு முழுக்கக் கல்லால் இழைத்த படங்கள். வருடத்தில் சில வாரங்கள்தான் அதை மூடாமல் விடுவார்களாம்.

"இதை எப்பிடித் துடைக்கிறாங்கள் எண்டு ஒருக்காக் கேக்கவேணும்" என்றீர்கள். இதற்காக இத்தாலிக்குப் போனவர் நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும்.

நாங்கள் இருக்கும் பிராங்பேர்ட்டிலிருந்து பேருந்துப் பயணம். கூட வந்த இருபது பேரும் ஓய்வுபெற்ற ஜெர்மன்காரர். சியெனாவைச் சுற்றிக் காட்டிய பெண் சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்தபடி ஜெர்மனில் விளக்கிக்கொண்டே நடந்தார். ஒவ்வொரு சந்திலும் நீங்கள் என் முழங்கையை இடித்தீர்கள்.

"கேளன் பிள்ளை."

"ஏலாது அப்பா. நீங்களே கேளுங்கோ."

"என்ர ஜெர்மன் வேலை செய்யிற ஜெர்மன். உன்ர படிச்ச ஜெர்மன். நீ கேட்டாத்தான் மதிச்சுப் பதில் சொல்லுவினம்."

வெட்கம் என்றேன். அது பாதிதான் உண்மை. ஏன் கேட்கிறாய் என்று யாராவது திருப்பிக் கேட்டால் உங்கள் வேலையைச் சொல்ல வேண்டி வரும். பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்மணியிடம் ஏற்கெனவே 'கட்டடத் துறை' என்று சொல்லி வைத்திருந்தேன்.

குடை தேவாலயத்துக்குள் போய்விட்டது. நீங்கள் வாசலில் குனிந்தீர்கள்.

"அப்பா, இங்கை கழட்டத் தேவையில்லை."

"கோயிலுக்குள்ளை சப்பாத்தோடை போறதே? அதுவும் இந்தத் தரையிலை?"

சுவரோரம் சோடியாக வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். பின்னால் நின்ற எங்கள் குழு முதியவர் உங்கள் சப்பாத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "கட்டாயமா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னால் ஏன் என்று விளக்க வேண்டும். ஆம் என்று தலையாட்டிவிட்டேன்.

விதி என்று ஒன்று இருந்தால் போதும் அவர்களுக்கு. அவர் கழற்ற, மனைவி கழற்ற, சற்று நேரத்தில் உங்களுடையதற்குப் பக்கத்தில் இருபது சோடிச் சப்பாத்து நேர்கோட்டில் நின்றது. ஒருவர் தன் காலுறையிலிருந்த ஓட்டைக்கு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

உள்ளே, வழிகாட்டி திரும்பிப் பார்த்ததும் அவருடைய பேச்சு நின்றது.

"யார் இப்படிச் செய்யச் சொன்னது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீங்கள் பார்க்கவில்லை. படங்களைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு இப்பால் முழங்காலில் நின்று, இரண்டு கற்கள் சேரும் இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தீர்கள். நாட்காட்டியில் பார்த்தது கைக்கு எட்டிவிட்டது. கேள்விதான் பாக்கி.

"நான்தான்" என்றேன். "அவர் என் அப்பா. துப்புரவுத் தொழிலாளி. தரை பழுதாகிவிடும் என்றுதான் கழற்றினார். இதை எப்படித் துடைக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்."

அந்த மண்டபத்தில் எதிரொலி வேறு. நடுங்கிச் சொன்னதெல்லாம் இன்னொரு தடவை நடுங்கிக் கேட்டது.

எந்தத் தூணை எந்த நூற்றாண்டில் நிறுத்தினார்கள் என்று வழிகாட்டிக்குத் தெரியும். இது தெரியாது. போய் அங்கே வேலை செய்யும் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் உங்கள் காலுறையைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பையிலிருந்து மெல்லிய உலர்ந்த துணி ஒன்றை எடுத்தார். நீங்கள் வாளியால் தண்ணீர் ஊற்றுவதுபோல் காட்டினீர்கள். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இத்தாலியன், உங்களுக்குத் தமிழ். அரைமணி நேரம் ஓயவில்லை. சுற்றிலும் இருபது பேர் காலுறையோடு நின்று கேட்டார்கள். அந்த முதியவர் குறிப்பும் எடுத்தார்.

"பாத்தியே, தண்ணி ஊத்திறேல்லை. நான் நினைச்சனான்!"

திரும்பும் பேருந்தில் 'கட்டடத் துறை'ப் பெண்மணி தன் வீட்டுப் படிக்கட்டுக் கறையைப் பற்றி உங்களிடம் ஆலோசனை கேட்டார். உங்கள் வேலை செய்யிற ஜெர்மனில் வெளுத்து வாங்கினீர்கள். அவர் தூங்கியதும் என் பக்கம் சாய்ந்து, "இண்டைக்குத்தான் நீ படிச்சு முடிச்சனி" என்றீர்கள்.

இன்று மதியக் கூட்டத்தில் மேலாளர் சொன்ன ஒன்று எனக்கு விளங்கவில்லை, அப்பா. கையை உயர்த்தினேன். குரல் அப்போதும் நடுங்கியது. கேட்டு முடித்தேன்.